மருந்துத் துண்டும் காணி வழக்கும்: ஒரு சொல்லின் கதை



வைத்தியரிடம் போனால் அவர் ஒரு துண்டில் மருந்தின் பெயரை எழுதித் தருகிறார். அத்துண்டை ஆங்கிலத்தில் 'பிறிஸ்கிறிப்சன்' என்பார்கள். காணிப் பிரச்சினை ஒன்றுக்காகச் சட்டத்தரணியிடம் போனாலும் அதே சொல் காதில் விழுகிறது. "உங்கள் காணியில் இருப்பவர் பிறிஸ்கிறிப்சன் கேட்கிறார்" என்கிறார் அவர். மருந்துக்கும் காணிக்கும் என்ன தொடர்பு என்று நாம் திகைக்கிறோம். கேட்க வெட்கப்பட்டு, தலையை ஆட்டிவிட்டு வீடு திரும்புகிறோம்.

விளங்காத ஒரு சொல்லினால் காணி கைவிட்டுப் போகக் கூடாது. ஆகவே இந்தப் பாடத்தில் அச்சொல்லை எடுத்துப் பார்ப்போம்.

1. சொல் பிறந்த இடம்

இது இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். 'முன்' என்பதும் 'எழுது' என்பதும் சேர்ந்து ஆனது. 'முன்னால் எழுதப்பட்டது' என்பதே அதன் நேர்ப் பொருள்.

மருந்தைக் கலந்து கொடுப்பதற்கு முன்னரே வைத்தியர் எழுதிக் கொடுப்பதால் மருந்துத் துண்டுக்கு அப்பெயர் பொருந்தியது. இது இலகுவாக விளங்கும். காணிக்கு அப்பெயர் வந்த வழி சற்று நீளமானது.

பழைய ரோமாபுரியில் வழக்கு ஒன்று வந்தால், என்ன பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்பதை அதிகாரி எழுதி நீதிபதிக்கு அனுப்புவார். சில வழக்குகளில் அந்த எழுத்தின் தலைப்பில் ஒரு குறிப்புச் சேர்க்கப்படும். "முதலில் இதைப் பார், இது உண்மையானால் மேற்கொண்டு போகாதே" என்பது போன்ற குறிப்பு அது. முன்னால் எழுதப்பட்டதால் அதற்கும் இதே பெயர்.

பிற்காலத்தில், "நான் இக்காணியில் நீண்ட காலம் இருந்துவிட்டேன், இனி இவர் என்னை எழுப்ப முடியாது" என்ற எதிர்வாதத்துக்கும் அப்பெயர் வழங்கியது. கி.பி. 199 இல் ரோமப் பேரரசர் விடுத்த கட்டளையொன்றில் இவ்வாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. இவ்வாறு தலைப்பில் எழுதும் குறிப்பு என்ற பொருள் தேய்ந்து, காலம் கடந்ததால் வரும் உரிமை என்ற பொருள் நிலைத்தது.

2. இங்கிலாந்தில் இன்னொரு பொருள்

ஆங்கிலேயர் இச்சொல்லைப் பெரும்பாலும் வழி, வாய்க்கால் போன்ற உரிமைகளுக்கே பாவித்தார்கள். அயலவரின் காணிக்கூடாக எத்தனையோ காலமாக நடந்து வந்தால் அவ்வழியில் உரிமை உண்டாகும் என்பது அவர்களின் வழமை. எவ்வளவு காலம்? 'மனித ஞாபகத்துக்கு எட்டாத காலம்' என்றார்கள். அதற்கும் ஓர் எல்லை வேண்டுமென்று 1189 ஆம் ஆண்டைக் குறித்தார்கள். 1832 இல் வந்த சட்டம் இதை இலகுவாக்கி, 20 வருடம், 40 வருடம் எனக் கணக்கு வகுத்தது.

3. நமது நாட்டில்

இலங்கையில் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இன்றும் இதற்கு அடிப்படை. சட்டத் தமிழில் இதைக் 'காலவிதிப்பு' என்பர். ஊரில் 'பத்து வருட ஆட்சி' என்று சொல்லுவோம். இச்சட்டத்தில் இச்சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு.

முதலாவது, உரிமையை இழக்கச் செய்யும் முகம். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தின் மேல் 6 வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம். ஈட்டு உறுதிக்கு 10 வருடம். அக்காலம் கடந்தால் கடன் கொடுத்தவரின் வழக்கு நில்லாது.

இரண்டாவது, உரிமையைப் பெற்றுக் கொடுக்கும் முகம். தனியார் காணியொன்றை ஒருவர் 10 வருடம் இடையறாது ஆண்டு வந்தால், உறுதி இல்லாமலே அதற்கு உரித்துக் கோரலாம். வழி, வாய்க்கால் உரிமைகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் பத்து வருடம் இருந்தால் மட்டும் போதாது. அந்த இருப்பு உரித்தாளரின் உரிமைக்கு எதிரானதாக, அல்லது அதில் தங்கியிராததாக இருக்க வேண்டும். குத்தகையோ விளைச்சலில் பங்கோ கொடுத்து, அல்லது வேறு வழியில் "இது இன்னாருடைய காணி" என்று ஏற்றுக்கொண்டு இருந்தால், அது எதிரான ஆட்சி ஆகாது. "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்த அயலவர், அந்த அனுமதியின் பேரிலேயே அங்கு இருக்கிறார். இருபது வருடம் இருந்தாலும் அந்த இருப்பு தானாக உரித்தாக மாறாது.

பிரிக்கப்படாத முதுசக் காணிக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. கூட்டு உரித்தாளர்களில் ஒருவரின் ஆட்சி எல்லோருடைய ஆட்சியாகவும் கொள்ளப்படும் என்று 1911 இல் லண்டனிலிருந்த பிறிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. மற்றவர்களை வெளிப்படையாக விலக்கி வைத்தார் என்று காட்டினாலே அவர் தனியாக உரித்துக் கோரலாம். ஆகவே ஊரில் தங்கிய சகோதரன் காணியைச் செய்து வந்ததால் மட்டும், இடம்பெயர்ந்த சகோதரியின் பங்கு அழிந்துவிடாது.

அரச காணியை இவ்வாறு பெற முடியாது. பொமிற் காணியில் வேறொருவர் குடியிருந்தால், அவரும் பத்து வருடக் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் பொமிற்றின் நிபந்தனைகள் வேறு விடயம். அவற்றைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

4. ஊரில் இல்லாதவர் யார்?

நம்மைப் போன்றவர்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுவே. காணிக்காரன் ஊரில் இருக்க முடியாதபோதும் நாட்கள் எண்ணப்படுமா?

ரோமர் இதை யோசித்திருந்தார்கள். 531 இல் பேரரசர் யுஸ்தீனியான் செய்த ஒழுங்கின்படி, இரு பகுதியாரும் ஒரே மாகாணத்தில் வாழ்ந்தால் 10 வருடம். வேறு மாகாணத்தில் வாழ்ந்தால் 20 வருடம். தூரத்தில் இருப்பவனுக்கு இரட்டிப்புக் காலம் கொடுத்தார்கள்.

நமது 1871 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாகக் கணித்தது. உரிமை முதன்முதல் எழும் வேளையில் வயதுக்கு வராதவர், சித்த சுவாதீனம் இல்லாதவர், கடல் கடந்து இருப்பவர் ஆகியோருக்கு அது விலக்களித்தது. ஆனாலும் 30 வருட எதிர் ஆட்சி ஏற்பட்டுவிட்டால் அந்த விலக்கும் உதவாது. இதன்படி, காணி பிறர் கைக்குப் போன வேளையில் இந்தியாவில் அகதியாக இருந்தவர் விலக்குக் கேட்கலாம். ஆனால் 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம் குடும்பமும், 1995 இல் வலிகாமத்தை விட்டு வன்னிக்குப் போன தமிழ்க் குடும்பமும் கடல் கடக்கவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஊரிலேயே இருந்தவர்கள் போலானார்கள். நீதிமன்றத்துக்குப் போக வழியில்லாத நாட்களும் அவர்களுக்கு எதிராக எண்ணப்பட்டன.

இக்குறையைத் தீர்ப்பதற்காக 2016 இல் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதம் தாங்கிய பயங்கரவாதக் குழுவொன்றின் நடவடிக்கைகளால் உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காது விட அது வழிசெய்தது. ஆனால் இதுவும் கால எல்லையோடு வந்த சட்டம். உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ தாமதமின்றிக் கேட்டறியுங்கள்.

5. நாம் செய்யக் கூடியவை

- உறுதியின் பிரதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் தேடுவது இலகு.
- காணியில் இருப்பவர் உங்கள் அனுமதியோடு இருப்பவரானால், அதை எழுத்தில் வாங்குங்கள். சிறு தொகையானாலும் குத்தகை பெற்றுப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். பணம் சிறிதாயினும் அந்தச் சீட்டு காணியின் உரித்தைக் காக்கும்.
- அனுமதியின்றி இருப்பவரானால், எப்போது வந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். அறிந்த அயலவரின் பெயர்களையும் எழுதுங்கள்.
- கிராம அலுவலரிடமும் பொலிசிலும் செய்த முறைப்பாடுகளின் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். அவை சான்றாக உதவும். ஆயினும் முறைப்பாட்டை மட்டும் நம்பிக் காலத்தைப் போக்க வேண்டாம். பத்து வருடம் முடியுமுன் நீதிமன்றில் வழக்கு வைப்பதே உறுதியான வழி.
- விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள்.

எழுதுவதில் முந்திக்கொள்வதே இச்சொல்லின் வேர்ப் பொருள். மருந்து கொடுக்குமுன் வைத்தியர் எழுதுகிறார். நாமும் பத்து வருடம் நிறையுமுன் எழுதி வைப்போம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. உங்கள் காணியில் இப்போது யார் இருக்கிறார்? எந்த ஆண்டிலிருந்து? யாருடைய அனுமதியோடு?
2. உங்கள் குடும்பத்தின் முதுசக் காணியில் யார் யாருக்குப் பங்குண்டு? பெண் பிள்ளைகளின் பங்கு எழுத்தில் உள்ளதா?
3. நீங்களும் இன்னொருவரின் காணியில் தங்கியிருக்கலாம். அவருடைய உரித்துக்குப் பாதகம் வராமல் நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடியது என்ன?