வெள்ளத்திற்குப் பின் கிணற்று நீரைக் குடிநீராக்கும் முறை

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதப் பெருமழையின்போதும், 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் பல இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய வெள்ளம் கிணற்றின் கைப்பிடிச்சுவரைக் கடந்து உட்புகுமாயின், சாக்கடைக் கழிவும் மலக்கிருமிகளும் அதனுடன் சேர்ந்து இறங்கும். வாந்திபேதி, சீதபேதி, டைபாய்டு, மஞ்சட்காமாலை ஆகிய வியாதிகள் இவ்வாறே பரவுகின்றன.

தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீரன்று. தேற்றான்கொட்டையை இழைத்த பானையிலும், படிகாரம் இட்ட குடத்திலும் கலங்கல் அடியில் படியும். கிருமிகளோ முற்றும் அழியா. ஆகையால் தெளியவைத்தலை முதற்படியாக மட்டுமே கொள்ளல் வேண்டும்.

காய்ச்சுதல்: தெளிந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, தளதளவென்று பொங்கிய பின்னரும் ஒரு நிமிஷமேனும் கொதிக்கவிடுக. ஆறியபின் மூடிவைத்து, கைபடாது அகப்பையால் மொள்க.

பிளீச்சிங் பவுடர் இடுதல்: முதலில் கிணற்றின் கலங்கல் நீரை இறைத்து நீக்குக. நிலம் ஊறியிருக்கையில் ஒரேயடியாக இறைப்பின் சுவர் சரியக்கூடும். சிறிது சிறிதாக இறைத்தலே நலம். தெளிந்த ஊற்று நீர் சேர்ந்தபின், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் புதிய தூள் தேவை. 2 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் ஆழம் நீரிருப்பின் அது சுமார் 9,400 லிட்டராகும். அதற்கு 24 கிராம் தூள் வேண்டும். தூளை வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிஷம் வைத்திருந்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலுள்ள தெளிவை மட்டும் வேறு வாளியில் வடித்து, கிணற்றினுள் இறக்கி நன்கு கலக்குக. ஒரு மணி நேரம் கழித்து நீரில் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். அழுக்கு மிகுந்த நீர் குளோரினை விழுங்கிவிடும். ஆதலால் சுகாதார ஆய்வாளரைக் கொண்டு சோதித்தறிந்து, எஞ்சாவிடில் மீண்டும் இடுக. காற்றுப்பட்ட பழந்தூள் வீரியமிழந்ததாகையால் பயன்படாது.

ஓர் எச்சரிக்கை: தொழிற்சாலைகள் மிகுந்த அம்பத்தூர் போன்ற இடங்களில், நீரின்மேல் எண்ணெய்ப்படலமோ இரசாயன நெடியோ காணின், அதனைக் காய்ச்சியும் குடித்தல் கூடாது. கொதித்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி இரசாயன விஷத்தை நீக்காது. நீர் வற்ற வற்ற விஷம் செறிவதும் உண்டு. அக்கிணற்றை விலக்கி, லாரியில் வரும் குடிநீரையே பெறுக.

மழைக்காலத்திற்கு முன்னரே கைப்பிடிச்சுவரை உயர்த்தி, வெடிப்புகளைப் பூசி, கிணற்றின் அளவைக் குறித்து வைத்துக்கொள்ளும் குடும்பம் ஆபத்துக் காலத்தில் தடுமாறாது.