நடை சொல்லும் செய்தி

முகம் தெரியாத விடியற்பொழுதில், பால்மர நிரைகளுக்கிடையே வருபவர் இன்னார் என்று அவருடைய நடையைக் கொண்டே நாம் அறிந்துகொள்வதுண்டு. பால் வாளியைச் சுமந்து வருகிறாரா, வெறுங்கையுடன் வருகிறாரா என்பதும் அந்நடையிலேயே விளங்கும். நம் கண்கள் செய்யும் இப்பணியை இன்று கைத்தொலைபேசியும் செய்கின்றது. அஃது எவ்வாறு நிகழ்கின்றது, அதில் நாம் கவனிக்க வேண்டியது யாது என்பதைக் காண்போம்.

அசைவை அளக்கும் கருவி

கைத்தொலைபேசியைப் படுக்கையாகத் திருப்பினால் திரையிலுள்ள படமும் திரும்புகின்றது. இதற்குக் காரணம், அதனுள் அமைந்துள்ள முடுக்கமானி என்னும் சிறு கருவியாகும். மேல் கீழ், இடம் வலம், முன் பின் ஆகிய மூன்று திசைகளிலும் ஏற்படும் அசைவை அது இடைவிடாது அளக்கின்றது.

2010ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஃபோர்டம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 29 பேரின் காற்சட்டைப் பையில் கைத்தொலைபேசியை வைத்து, அவர்களை நடக்கவும், ஓடவும், படி ஏறவும், இறங்கவும், உட்காரவும், நிற்கவும் செய்தனர். வினாடிக்கு 20 முறை அளவுகள் பதிவாயின. அவற்றைப் பத்துப் பத்து வினாடித் துண்டுகளாகப் பிரித்துக் கணினிக்குப் பயிற்சி அளித்தனர். நடையில் அளவு சீராக ஏறி இறங்கும், ஓட்டத்தில் விரைந்து உயரும், உட்கார்ந்தால் அடங்கிவிடும். பெரும்பாலான செயல்களைக் கணினி சரியாகவே கூறிற்று. படி ஏறுவதையும் இறங்குவதையும் பிரித்தறிவதே அதற்குக் கடினமாயிருந்தது.

அதே ஆண்டில் அவ்வாய்வாளர்கள் 36 பேரின் பதிவுகளைக் கொண்டு, கைத்தொலைபேசியை வைத்திருப்பவர் யார் என்பதையும் அசைவினாலேயே கண்டறியலாம் என்று காட்டினர். கைரேகையைப் போன்று நடையும் ஓர் அடையாளமாயிற்று.

சிங்கப்பூரில் கண்ட பயன்

ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் வேலை செய்யும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். அவர் சிராங்கூன் சாலையில் நடந்து, படியிறங்கி, பெருவிரைவு ரயிலில் ஏறி வீடு திரும்புகிறார். இத்தகைய பயணங்களை அறிய, 2012ஆம் ஆண்டில் அந்நாட்டு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பயண ஆய்வோடு இணைத்து, கைத்தொலைபேசிவழிச் சோதனை தொடங்கப்பெற்றது. இருப்பிடத்தையும் அசைவையும் கொண்டு, ஒருவர் நடந்தாரா, பேருந்தில் சென்றாரா என்று கணினி ஊகித்தது. அவ்வூகத்தைப் பங்கேற்றவரே பார்த்துத் திருத்தினார். சாலையும் ரயிலும் மக்களுக்கேற்ப அமைய இவ்வறிவு துணைபுரியும்.

நாம் கவனிக்க வேண்டியவை

எனினும், ஒரு நோக்கத்திற்காகத் திரட்டிய தகவல் பிறிதொன்றுக்கும் பயன்படக்கூடும். சிங்கப்பூரில் 2020 மார்ச்சில் தொடங்கிய டிரேஸ்டுகெதர் செயலி, நோய்த்தொற்றுத் தொடர்பைக் கண்டறியவே அமைந்தது. அது பதிந்தது நடையையன்று, அருகிலிருந்த கைத்தொலைபேசிகளையே. குற்ற விசாரணைக்கு அத்தகவலைக் காவல்துறை பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது மக்களிடையே கவலை எழுந்தது. மறுமாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் அதனை வரையறுத்துச் சட்டம் இயற்றப்பட்டது.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வாணிபத்தில் தகவல் திரட்டுவோர் அதன் நோக்கத்தை நமக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே, செயலி கேட்கும் அனுமதியைப் படித்துப் பார்த்தே அளிப்போம். விளக்கு எரிக்கும் செயலிக்கு நம் நடை எதற்கு என்று வினவுவோம். இருப்பிட அனுமதியை மறுத்ததனாலேயே அசைவுப் பதிவும் நின்றுவிட்டது எனக் கருதலாகாது. வேண்டாத செயலியை நீக்கிவிடுதலே நன்று. படிக்க இயலாத முதியோருக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்களாக.

நம் நடை நமக்குரியது. அதனை யாருக்கு, எதற்காக அளிக்கிறோம் என்பதை அறிந்து அளிப்பதே அறிவுடைமையாகும்.