‘ஒண்ணுமில்லம்மா, சும்மா டெஸ்ட்டுதான்!’

ராயகிரியில் ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகவேண்டும். மகன் என்ன சொல்வார்? ‘ஒண்ணுமில்லம்மா, சும்மா டெஸ்ட்டுதான். ரெண்டே நாள்ல வந்திரலாம்!’ பஸ் ஏறுகிற வரை இதே பல்லவிதான். பக்கத்து வீட்டு மதினியோ, ‘எங்க சித்திக்கு மயக்க மருந்து குடுத்தாக, ரெண்டு நாளா முழிக்கவே இல்ல’ என்று வயிற்றில் புளியைக் கரைப்பார். மதினியைவிட மகன் செய்வதுதான் பெரிய கெடுதல் என்பேன். பொய் சொன்னதால் பயம் போவதில்லை. கேட்க ஆளில்லாமல் உள்ளே கிடந்து வளர்கிறது.

பயம் மனசோடு நின்றுவிடுவதும் இல்லை. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. ‘பிரஷர் அதிகமா இருக்கு, இன்னிக்கு வேண்டாம்’ என்று ஆபரேஷனையே தள்ளிவைப்பதும் உண்டு. கார்ட்டிசால் நாள்கணக்கில் கூடியிருந்தால், காயத்தை ஆற்ற ஓடிவர வேண்டிய வெள்ளை அணுக்களின் வேலை மந்தமாகிறது.

அமெரிக்காவில் 11 பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னக் காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். விடுமுறையில் ஒரு தடவை, பரீட்சைக்கு 3 நாள் முன்னால் ஒரு தடவை. பரீட்சை சமயத்துக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்ததாம்! 1998-ல் வெளிவந்த ஆய்வு இது.

சரி, பயத்துக்கு மருந்து என்ன? உண்மையைச் சொல்வதுதான். 1964-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரிடம் மயக்க மருந்து டாக்டர் முந்தின இரவே போய், ‘வலி இருக்கும். இந்த இடத்தில், இத்தனை நாள் இருக்கும். தசை இறுகுவதால்தான் வலிக்கிறது. இப்படித் தளர்த்துங்கள், இப்படித் திரும்பிப் படுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தார். அவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறைய பாதிதான் தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். இப்போதெல்லாம் சீக்கிரமே டிஸ்சார்ஜ் செய்துவிடுவதால் அத்தனை நாள் மிச்சமாகாது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2016-ல் வந்த தொகுப்பு, சுமார் அரை நாள் குறையலாம் என்கிறது. அதுவும் உறுதியான முடிவல்ல. ஆனால் செலவில்லாத மருந்தாயிற்றே!

ஆகவே, டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். அவர் கூடவே இருக்கட்டும், அவரே கேட்கட்டும். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக்கூடாது? கண் விழிக்கும்போது உடம்பில் என்னென்ன டியூப் இருக்கும்? எங்கே வலிக்கும்? எப்போது எழுந்து நடக்கலாம்? தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை ஒன்றுவிடாமல் சொல்லச் செய்யுங்கள். சிலருக்கு எல்லாவற்றையும் கேட்டால் உதறல் எடுக்கும். அவர்களிடம் அவர்கள் கேட்கிற அளவு மட்டும் சொன்னால் போதும். முந்தின ராத்திரி தூக்கம் வராவிட்டால் நர்ஸிடம் சொல்லலாம். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

புறப்படும்போது வீட்டிலிருந்து சின்னத் தலையணை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் தையல் போட்டவர்கள் இருமும்போது அதை அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். அதையும் முன்கூட்டியே வீட்டில் பழகிப் பார்க்கலாம்.