அறிவித்தலும் தீர்மானமும்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் பற்றிய ஒரு பாடம்

ஆனையிறவின் இருபுறமும் வாழும் கமக்காரக் குடும்பங்களுக்குக் கூட்டம் என்பது புதிய சொல் அன்று. இரணைமடுவின் கீழ் வயல் செய்தவர்கள் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்கள். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் தண்ணீர் திறப்பது, வாய்க்காலை எப்போது துப்புரவு செய்வது, மாடுகளை எந்தத் திகதிக்கு முன்னர் அப்புறப்படுத்துவது என்பனவெல்லாம் அங்கே பேசி முடிவாகின்றன. கடைவாய்க்காலில் காணி உள்ளவர் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை எவரும் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் பிள்ளையின் கையில் பாடசாலைக் கூட்டத்துக்கான கடிதம் வந்தால் நாம் அப்படி நினைப்பதில்லை. "அதை அதிபர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். போனாலும் பின்வாங்கிலில் இருந்து கேட்டுவிட்டு, வரவில் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்புகிறோம். அந்தக் கூட்டத்தில் நமக்குள்ள பங்கு என்ன, எதை நாம் தீர்மானிக்கலாம், எதை நாம் கேட்கலாம் என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. சங்கம் யாருடையது?

அரச பாடசாலை ஒவ்வொன்றிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அதிபர் பதவி வழியாகத் தலைவராகிறார். பெற்றார், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் ஆகியோர் அங்கத்தவர்கள். செயற்குழு பொதுக்கூட்டத்திலே தெரிவாகிறது. சங்கத்தின் பணம் சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். அதன் கணக்கறிக்கை பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படவேண்டும்.

பாடசாலையின் காரியத்தில் ஊராருக்குப் பங்கு கொடுக்கும் முயற்சி பல தடவை நடந்திருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலை அபிவிருத்திச் சபைகளைப் பற்றியது. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், பெற்றாரும் பழைய மாணவரும் இருக்கும் அபிவிருத்திக் குழு ஒன்று பாடசாலையின் திட்டத்தை வகுப்பதில் பங்குகொள்ள இடமளித்தது. பாக்குநீரிணைக்கு அப்பால், இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அரச பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றாராகவோ பாதுகாவலராகவோ இருக்கவேண்டும். அங்கத்தவரில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று அது விதித்தது. நமது கூட்டங்களில் வந்திருப்போர் பெரும்பாலும் தாய்மார். பதவிக்குத் தெரிவாவோர் பெரும்பாலும் ஆண்கள். இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

2. மூன்றையும் பிரித்து அறிவோம்

பாடசாலைக் கூட்டத்தில் பேசப்படுவன எல்லாம் ஒரே வகையானவை அல்ல. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது அறிவித்தல். வேறிடத்தில் முடிவானதை நமக்குத் தெரிவிப்பது இது. பரீட்சைத் திகதி, பாடநூல் வழங்கும் நாள், ஓர் ஆசிரியரின் இடமாற்றம், வலயக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கை என்பன இவ்வகை. இவற்றை நாம் மாற்ற முடியாது. ஆனால் விளங்கும்வரை கேள்வி கேட்கலாம்.

இரண்டாவது தீர்மானம். இது நம்முடைய அதிகாரத்துக்கு உட்பட்டது. சங்க நிதியை எதற்குச் செலவிடுவது, வேலியை எப்போது அடைப்பது, கிணற்றை யார் இறைப்பது, பிந்திய வகுப்புக்குப் பிள்ளைகளை யார் கூட்டிவருவது என்பன இவ்வகை. தீர்மானம் எடுத்தவர்களே அதற்குப் பொறுப்பாளிகள்.

மூன்றாவது கோரிக்கை. நாம் செய்ய முடியாததை, செய்யக்கூடியவரிடம் கேட்பது இது. ஐக்கிய அமெரிக்காவின் பல இடங்களில் ஊர்மக்கள் வாக்களித்துத் தெரியும் சபையே பாடசாலைகளின் வரவுசெலவையும் நியமனங்களையும் தீர்மானிக்கிறது. நமது சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. கணித ஆசிரியரை நாம் நியமிக்க முடியாது. ஆயினும் ஆசிரியர் இல்லாமல் எத்தனை மாதம் கழிந்தது, எத்தனை பிள்ளைகள் பாதிக்கப்படுகின்றனர் என்பதை எழுதி, பொதுக்கூட்டத்தின் பெயரால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்ப முடியும். தனி ஒருவரின் முறைப்பாட்டுக்கும் ஒரு கூட்டத்தின் கோரிக்கைக்கும் பாரம் வேறு.

ஒரு கூட்டம் முழுவதும் அறிவித்தலாகவே முடிந்தால் அங்கே சங்கம் கூடவில்லை. ஆட்கள் கூடியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு விடயம் எடுக்கப்படும்போதும், "இது அறிவித்தலா, நாம் தீர்மானிக்க வேண்டியதா, கோரவேண்டியதா?" என்று பணிவோடு கேட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு கேள்வியே பல கூட்டங்களை நேராக்கிவிடும்.

3. தீர்மானம் எழுத்தில் இருக்கவேண்டும்

கூட்ட அறிக்கையில் பின்வருமாறு எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்: "குடிநீர் பற்றிக் கதைக்கப்பட்டது. நடவடிக்கை எடுப்பதாகத் தீர்மானிக்கப்பட்டது." யார் எடுப்பது? எப்போது? எந்தப் பணத்தில்? அடுத்த கூட்டத்தில் யாரைக் கேட்பது? ஒன்றும் தெரியாது.

அதையே இப்படி எழுதலாம்: "பாடசாலைக் கிணற்று நீர் உவராகியிருப்பதால் குடிநீர்த் தாங்கி ஒன்று வைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. பெற்றார் பத்துப்பேர் அடுத்த சனிக்கிழமை சிரமதானமாக அத்திவாரம் கட்டுவர். தாங்கிக்கு மூன்று கடைகளில் விலை கேட்கப்படும். செலவு சங்க நிதியிலிருந்து. பொறுப்பு: செயலாளரும் இரண்டு தாய்மாரும். அடுத்த கூட்டத்தில் கணக்குக் காட்டப்படும்." இதை ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால், அது சபையின் சொல்லாகிவிடுகிறது.

என்ன, யார், எப்போது, எந்தப் பணம் என்ற நான்கும் இல்லாத தீர்மானம் மதகில்லாத குளம் போன்றது. தண்ணீர் இருக்கும், வயலுக்கு வராது.

4. இடம்பெயர்ந்து வந்தவருக்கும் அங்கே இடமுண்டு

"நாங்கள் வந்தேறிகள், இந்த ஊர்ப் பாடசாலையில் நாங்கள் என்ன கதைப்பது?" என்று ஒதுங்கி நிற்கும் பெற்றார் உண்டு. பிள்ளையின் பெயர் சேர்விடாப்பில் ஏறிய நாளிலிருந்து அந்தப் பாடசாலை அப்பிள்ளையின் பாடசாலை. அதன் பெற்றாரும் சங்கத்தில் சேர உரித்துடையவர்கள். சொந்தக் காணி எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தடையாகாது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. எனவே சங்கச் சந்தா கட்ட முடியாத குடும்பம் கூச்சப்பட்டுப் பிள்ளையை மறிக்கத் தேவையில்லை. கஷ்டத்தை அதிபரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமோ விடுகைப் பத்திரமோ தொலைந்திருந்தால், பத்திரம் கிடைக்கட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது பெரிய தவறு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போவோம். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பத்திரத்துக்கான அலுவலைக் கூடவே தொடங்குவோம். இப்படிப் பத்திரமில்லாத பிள்ளைகள் பலர் இருந்தால், அவர்களின் பட்டியலைத் தயாரிப்பதையே சங்கம் ஒரு தீர்மானமாக எடுக்கலாம்.

இதில் பாடசாலையின் உயிரும் தங்கியிருக்கிறது. மாணவர் தொகையைப் பார்த்தே ஆசிரியர் ஒதுக்கப்படுகின்றனர். மீள்குடியேறிய சிறு ஊரில் பத்துப் பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் குறையலாம். ஆசிரியர் குறைந்தால் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். தொகை மேலும் குறையும். கடைசியில் மூடுவதைப் பற்றிய பேச்சு வரும். அது ஓர் அறிவித்தலாக நம்மிடம் வந்து சேரும்போது காலம் கடந்திருக்கும். "நமது ஊரில் பாடசாலைக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் வரவில்லை?" என்பது ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இருக்கவேண்டிய கேள்வியாகும்.

5. கொப்பிகளைக் காப்போம்

1991இல் முதலாம் வகுப்பில் சேர்ந்து 2001இல் பதினோராம் வகுப்பை எட்டிய ஒரு வன்னிப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 1991இல் ஆனையிறவுச் சமர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட பெரும் இடப்பெயர்வு. 1996இல் கிளிநொச்சியை விட்டு மக்கள் வெளியேறியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு கைமாறியது. இத்தனையும் அந்தப் பதினொரு வகுப்புக்குள் அடங்கும். மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும், ஒரே கட்டடத்தில் காலையும் மாலையும் இரண்டு பாடசாலைகளாகவும் அக்காலத்தில் படிப்பு நடந்தது. 2008, 2009இல் மறுபடியும் எல்லாம் கைவிட்டுப் போனது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012இல் மூடப்படும் வரை பலர் அங்கே இருந்தார்கள்.

அந்த ஓட்டங்களில் தொலைந்தவற்றுள் சேர்விடாப்பும் சம்பவத் திரட்டும் கூட்ட அறிக்கைக் கொப்பியும் அடங்கும். கூரையை மறுபடி வேயலாம். யார் எந்த வகுப்பில் படித்தார், எவ்வளவு பணம் சேர்ந்தது, எந்தக் கோரிக்கை எப்போது அனுப்பப்பட்டது என்பன எழுத்தில் இல்லையேல், இருந்ததை நிறுவ ஊரார் நெடுநாள் அலையவேண்டும். ஆகவே கூட்ட அறிக்கையின் பிரதி ஒன்று பாடசாலையிலும், இன்னொன்று செயலாளரிடமும், மூன்றாவது வேறொரு நம்பிக்கையான இடத்திலும் இருக்கட்டும். இக்காலத்தில் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் எளிது. அனுப்பிய கோரிக்கைக் கடிதத்தின் பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையைப் பெற்றுக்கொள்ள மறக்கக்கூடாது.

6. அடுத்த கூட்டத்துக்கு முன்

கூட்டம் வேலைநாளில் காலை பத்து மணிக்கு, அதுவும் காலபோக அறுவடை நடக்கும் மாசியில் என்றால், கமக்காரரும் நாட்கூலிக்குப் போவோரும் வரமுடியாது. நேரத்தை மாற்றும்படி கேட்பது ஒழுங்கீனம் ஆகாது. அருவி வெட்டு முடிந்தபின் வைப்பதா, ஞாயிறு பின்னேரம் வைப்பதா என்பதே நாம் எடுக்கும் முதலாவது தீர்மானமாக இருக்கலாம்.

கூட்டத்துக்கு முதல்நாள் மூன்று நான்கு குடும்பங்கள் ஒரு முற்றத்தில் கூடி, கேட்கவேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பேசத் தயங்கும் தாய்க்கு அந்தத் தாள் துணையாக இருக்கும். அதிபரையும் ஆசிரியரையும் எதிர்த்தரப்பாக எண்ணாமல் பேசுவோம். ஆள் பற்றாக்குறையோடு பாடசாலையை நடத்தும் அதிபருக்கு, எழுத்தில் வரும் பெற்றாரின் கோரிக்கை மேலிடத்தில் பேசுவதற்கு ஒரு பலமாகும்.

கலந்துரையாடலுக்கு

(அ) நமது பாடசாலையின் கடந்த கூட்டத்தில் அறிவிக்கப்பட்டவை எவை? தீர்மானிக்கப்பட்டவை எவை? கோரப்பட்டவை எவை?

(ஆ) எடுத்த தீர்மானங்களில் நிறைவேறியவை எத்தனை? நிறைவேறாதவற்றில் நான்கு விபரங்களுள் எது குறைந்திருந்தது?

(இ) நமது ஊரில் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் யார்? அவர்களின் வீட்டுக்கு நம்மில் யார் போவது, எப்போது?

(ஈ) கூட்ட அறிக்கைக் கொப்பி இப்போது யாரிடம் இருக்கிறது? அதன் பிரதி வேறெங்கே உண்டு?

இவற்றுக்கான விடைகளை எழுதி வைத்துக்கொள்வோம். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளையும் கொண்டு செல்வோம்.