விளம்பரப் பலகைக்கு மூலக்கோப்பு தயாரித்தல்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, ஒரே விளம்பரப் பலகைக்கு இரண்டு செலவுச் சீட்டுகள் இருக்கக் கண்டேன். அளவும் தொகையும் ஒன்றே. தேதிகள் மட்டும் நான்கு நாள் தள்ளி இருந்தன. காரணம் வினவியதும் காரியதரிசி சிறிது தயங்கினார். பின்னர் கிடங்குக்கு அழைத்துச் சென்று, நூல் சிப்பங்களின்மேல் போர்த்தியிருந்த பிளெக்ஸ் ஒன்றை விரித்துக் காட்டினார். தீபாவளிச் சிறப்பு விற்பனைக்காக முதலில் அச்சிட்டது அதுவே. 10 அடி நீளமும் 6 அடி உயரமும் உள்ள அந்தப் பலகையில், 'நெசவாளர்' என்ற சொல்லின் ஒற்றைக் கொம்பு, நகரத்துக்கு முன்னே நில்லாமல் பின்னே போய் நின்றது. பக்கத்தில் இருந்த பட்டுச் சேலையின் படமோ கட்டங்கட்டமாகச் சிதறி, சேலையா ஜமக்காளமா என்று ஐயுறும்படி இருந்தது.

அச்சகத்தார் மீது குற்றம் சொல்ல இடமில்லை. சங்கம் கொடுத்த கோப்பையே அவர்கள் அச்சிட்டனர். 60 சதுர அடிக்கு அங்கத்தினரின் பணம் இருமுறை சென்றதைத் தணிக்கைக் குறிப்பில் எழுத வேண்டியவனானேன். எழுதும்போது, "ஐயா, இதனை எங்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லையே" என்றார் காரியதரிசி. அவர் சொல்லியதில் நியாயம் உண்டு. இக்கட்டுரை அதன் பொருட்டே.

முற்காலத்தில் பலகை எழுதும் ஓவியர் தூரிகையுடன் நம் வாயிலுக்கே வந்தார். பிழை நேர்ந்தால் அழித்து எழுதுவார். இன்று கணினியில் அமைத்த கோப்பு ஒன்று அச்சகத்துக்குப் போகிறது. அகன்ற இயந்திரம் அதை அப்படியே அச்சிட்டு விடுகிறது. ஆகவே பலகையின் நன்மை தீமை யாவும் கோப்பிலேயே முடிவாகி விடுகின்றன.

முதலில் படத்தைப் பற்றி அறிய வேண்டும். கணினியில் உள்ள புகைப்படம் என்பது சிறு வண்ணப் புள்ளிகளின் கூட்டம். இதனை நெசவாளருக்கு விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டிக்கு டிசைன் எழுதும் கட்டத்தாளை நினைத்துக் கொள்ளுங்கள். 120 கொக்கிக்கு எழுதிய மாங்காய்ப் புட்டாவை, மறுபடியும் வரையாமல், ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாக்கி 240 கொக்கிக்கு ஏற்றினால் என்ன நேரும்? மாங்காய் பெரிதாகும், ஆனால் அதன் வளைவு படிக்கட்டாகத் தெரியும். புகைப்படத்துக்கும் இதே கதிதான். கணினியில் புள்ளிகளின் எண்ணிக்கையை உயர்த்தி எழுதிவிட்டால் படம் தெளிவாகும் என்று சிலர் கருதுகின்றனர். படம் எடுத்தபோது இல்லாத விவரம் பின்னர் எங்கிருந்தும் வாராது.

எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பது பார்ப்பவர் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. நல்ல கண் பார்வை உடையவருக்கு, 1 அடி தூரத்தில் பிடித்துப் படிக்கும் தாளில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகள் இருந்தால் அவை தனித்தனியே தோன்றா. 3 அடியில் 95 போதும். 10 அடியில் 29 போதும். தூரம் கூடக் கூடத் தேவை அந்த விகிதத்தில் குறைகிறது. புத்தகத்துக்குரிய 300 என்ற கணக்கைப் பலகைக்கும் கேட்போர் உண்டு. 10 அடிக்கு 6 அடிப் பலகையில் அது 77 கோடியே 76 லட்சம் புள்ளிகளாகும். கோப்பைத் திறப்பதற்குள் கணினி மூச்சுத் திணறும். தெருவில் நின்று பார்க்கும் பலகைக்கு 72 என்பது தாராளம். கடைக்குள் கையெட்டும் தூரத்தில் மாட்டுவதற்கு 100 முதல் 150 வரை கொள்ளலாம்.

இனி அந்தச் சங்கத்தின் சேலைப் படத்துக்கு வருவோம். கைபேசியில் எடுத்த மூலப்படம் 4000 புள்ளி அகலம் உடையது. அதைப் பலகையின் முழு நீளமான 120 அங்குலத்துக்கு விரித்தாலும் அங்குலத்துக்கு 33 கிடைக்கும். 10 அடிக்கு அப்பால் நிற்பவருக்கு அது குறையில்லாத படமே. ஆனால் படத்தைச் செய்திச் செயலி வழியாகச் சாதாரணப் படமாக அனுப்பினர். செயலி அதனை 1600 புள்ளிகளாகச் சுருக்கி விட்டது. 1600ஐ 120ஆல் வகுத்தால் 13. ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சதுரமாகப் பெருகிற்று. அதே செயலியில் 'ஆவணம்' என்ற பகுதி வழியே அனுப்பியிருப்பின் மூலப்படம் சுருங்காமல் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு விரல் தொடுதலில் நேர்ந்த நஷ்டம் இது!

சங்கத்தின் முத்திரை, கைத்தறி முத்திரை போன்றவற்றைப் புள்ளிப் படமாகக் கொடுத்தலாகாது. சேலைச் சீட்டில் ஒட்டியிருப்பதைப் படம் பிடித்துக் கொடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இவற்றைக் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன வரைவுருவாகவே பெற்றுச் சேர்க்க வேண்டும். வரைவுருவை எத்தனை மடங்கு பெருக்கினாலும் விளிம்பு கெடாது.

அடுத்தது எழுத்து. தமிழருக்கு இதில்தான் தொல்லை மிகுதி. தமிழ் எழுத்துருக்களில் யூனிகோடு முறையில் அமைந்தவை ஒரு வகை. அதற்கு முன்னர் வந்த பற்பல தனி முறைகளில் அமைந்தவை மற்றொரு வகை. 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் அச்சகக் கணினிகளில் பழைய எழுத்துருக்கள் இன்றும் வாழ்கின்றன. ஒரு முறையில் தட்டியதை வேறு முறை எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே கிடைக்கும். யூனிகோடிலும் ஓர் இடர் உண்டு. நெ, கே, தொ முதலிய எழுத்துகளில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் கணினி சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவந்து சேர்ப்பது மென்பொருளின் வேலை. சில பழைய வரைகலை மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. புதியவற்றிலும் சிலவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலன்றிச் செய்யமாட்டா. 'நெசவாளர்' உடைந்தது இவ்வாறே.

இதற்குப் பரிகாரம் ஒன்றுண்டு. எழுத்துகள் செவ்வையாக அமைந்தபின் அவற்றை வரைவுருவாக மாற்றிவிட வேண்டும். கோரல் டிராவில் இதற்குரிய கட்டளை 'கன்வர்ட் டு கர்வ்ஸ்'. இல்லஸ்ட்ரேட்டரில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்'. மாற்றியபின் அது எழுத்தன்று, படம். எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. ஆனால் பிழை திருத்தவும் இயலாது. ஆதலால் மாற்றாத பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்க. எழுத்தின் உயரத்துக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்பது ஆங்கில எழுத்துக்குப் பலகை எழுதுவோர் கொள்ளும் வழக்கம். சுழியும் கொம்பும் உள்ள நம் எழுத்துக்கு ஒன்றரை அங்குலம் கொடுப்பது நலம். பலகையில் எல்லாவற்றையும் எழுதிவிடும் ஆசையால், நிர்வாகக் குழுவினர் அனைவரின் பெயரையும் நுணுக்கிப் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

வண்ணத்தைப் பற்றி நெசவாளருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சாயத்தொட்டியில் ஒரு நிறமும் வெயிலில் ஒரு நிறமும் தெரிவதை அறிந்தவர்கள் நீங்கள். திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளால் நிறம் காட்டுகிறது. இயந்திரமோ சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் மைகளால் அச்சிடுகிறது. திரையில் பளிச்சிடும் கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் மையில் மங்கும். சரிகையின் மின்னல் அறவே வாராது. பலகையில் கண்ட நிறத்தைக் கேட்டு வாடிக்கையாளர் வரும்போது, அலமாரியில் அந்நிறம் இல்லையெனில் விற்பனை போவதுடன் நம்பிக்கையும் போகும். எனவே கோப்பை மை முறைக்கு மாற்றி, அதே பொருளின்மேல் ஓரடித் துண்டு அச்சிட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் சேலையை அருகே பிடித்துப் பார்த்த பின்னரே முழுவதற்கும் உத்தரவிடுக.

இயன்றால் பருத்தித் துணியிலேயே அச்சிடலாம்; யு.வி. மையும் லேட்டக்ஸ் மையும் அதில் பிடிக்கும். வெப்பத்தால் ஏற்றும் சாயமுறை மட்டும் பாலியெஸ்டருக்கே உரியது. கைத்தறி நெய்யும் சங்கம் தன் பெயரைப் பிளாஸ்டிக்கில் தொங்கவிடுவது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

ஓரங்கள் மடித்துத் தைக்கப்பட்டு, வளையங்கள் அடிக்கப்படும் ஆதலின், எழுத்தை விளிம்பிலிருந்து 3 அங்குலமாவது உள்ளே நிறுத்துக. மிகப் பெரிய பலகைக்குக் கோப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவில் அமைக்கலாம். அப்போது புள்ளி எண்ணிக்கை அங்குலத்துக்குப் பத்து மடங்காக இருத்தல் வேண்டும். '10 மடங்கு பெருக்குக' என்று கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும்.

இறுதியாக, அச்சகத்தார் அனுப்பும் மாதிரியைத் தாளில் எடுத்து, வாசகம் எழுதியவரல்லாத இருவர் படித்துக் கையொப்பமிடுக. அத்தாளைச் செலவுச் சீட்டுடன் கோத்து வைத்தால் என்போன்றோர் வினவும்போது காட்டலாம். மூலக்கோப்பைச் சங்கத்தின் சேமிப்புத் தட்டில் பிரதியெடுத்து வாங்குவதையும் மறவற்க. மேற்சொன்ன சங்கத்தில் கோப்பு வடிவமைத்த இளைஞரிடம் மட்டுமே இருந்தது. அவர் வேறூர் சென்றுவிட்டமையால் இவ்வாண்டுக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கின்றனர்.