விடுமுறை முடிந்த பிறகு கைப்பட்டை

சென்ற கோடை விடுமுறையில் தக்கலைக்கு அருகே ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவளுடைய மாமா ஊருக்கு வந்திருந்தார். புளோரிடாவில் உள்ள டிஸ்னி கேளிக்கைப் பூங்காவுக்குப் பல முறை போனபோது கட்டிக்கொண்ட ரப்பர் கைப்பட்டைகள் நான்கைக் கொண்டுவந்து, பிள்ளைகள் விளையாடட்டும் என்று கொடுத்திருந்தார். சிவப்பு, நீலம், பச்சை, ஆரஞ்சு என நல்ல நிறங்கள். இரண்டு வயதுத் தம்பி ஒன்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

“இது இன்னும் வேலை செய்யுமா, சார்?” என்று கேட்டாள் மாணவி.

“செய்யாதுன்னா அடுப்பில போட்டிரலாம் மக்களே, எதுக்கு வீட்ல அடச்சு வைக்கணும்?” என்றார் பாட்டி.

நான் முதலில் செய்த காரியம், தம்பியின் வாயிலிருந்து பட்டையை எடுத்ததுதான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மாணவியின் கேள்விக்கும் பாட்டியின் யோசனைக்கும் விடை காண வேண்டுமானால், பட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

மின்கலம் இல்லாமல் பேசும் சில்லு

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் சென்றவர்கள் நாங்குநேரி சுங்கச்சாவடியைக் கடந்திருப்பீர்கள். காரின் முன்கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டாக் வில்லையைச் சாவடியின் கருவி தொலைவிலிருந்தே படித்துவிடுகிறது. அந்த வில்லையில் மின்கலம் கிடையாது. ஒரு சிறு சில்லும் உலோகத்தாலான அலைவாங்கியும் மட்டுமே உண்டு. வானொலி அலைகளால் ஒரு பொருளின் எண்ணைப் படித்து அதை அடையாளம் காணும் இம்முறைக்கு ஆர்.எஃப்.ஐ.டி. என்று பெயர். பூங்காவின் கைப்பட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மின்கலம் இல்லாத சில்லுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பிச்சுருளைக் கால்வனாமீட்டருடன் இணைத்து, சுருளுக்குள் ஒரு சட்டக்காந்தத்தை வேகமாக நுழைத்து எடுங்கள். முள் இருபுறமும் ஆடும். காந்தத்தை அசையாமல் வைத்தால் முள்ளும் அசையாது. சுருளைக் கடக்கும் காந்தப்புலம் மாறும்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே.

பூங்காவின் வாசலில் உள்ள படிப்பானிலும் ஒரு சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறுகிறது. அதாவது அதன் அதிர்வெண் 13.56 மெகா ஹெர்ட்ஸ். அருகே கொண்டுவரப்படும் பட்டையின் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட, சில்லு விழித்துக்கொள்கிறது. சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் போதும், மீண்டும் உறங்கிவிடும்.

சரி, விழித்த சில்லு எப்படிப் பதில் சொல்கிறது? ஊஞ்சலில் ஒருவனை உட்கார வைத்து நீங்கள் ஆட்டிவிடுகிறீர்கள். அவன் காலைத் தரையில் உரசினால் அந்த இழுப்பு உங்கள் கைக்குத் தெரியும் அல்லவா? அவன் காலை உரசுவதும் எடுப்பதுமாக இருந்தால் அதைக்கொண்டே ஒரு செய்தியை அனுப்பிவிடலாம். சில்லும் அப்படித்தான் செய்கிறது. தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. அந்த மாற்றத்தைப் படிப்பான் உணர்ந்து, சில்லின் எண்ணைத் தெரிந்துகொள்கிறது.

ஓய்ந்த பாதியும் விழிக்கும் பாதியும்

டிஸ்னி நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய பட்டையில் இந்தச் சில்லோடு இன்னொரு உறுப்பும் உண்டு. அது 2.4 கிகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் சிறிய ஒலிபரப்பி. பல மீட்டர் தூரத்திலிருந்தே அதன் குரல் கேட்கும். ராட்டினத்தில் சுற்றும்போது எடுத்த படம் யாருடையது என்று கண்டுபிடிக்க அது உதவியது. அவ்வளவு தூரம் பேச, அதற்குச் சொந்தமாக மின்சாரம் வேண்டும். ஆகவே உள்ளே ஒரு நாணய வடிவ மின்கலத்தை வைத்து மூடிவிட்டார்கள். அதைக் கழற்றி மாற்ற வழியில்லை.

சில ஆண்டுகளில் மின்கலம் தீர்ந்துவிடும். ஒலிபரப்பி ஓய்ந்துவிடும். ஆனால் மின்கலத்தை நம்பாத சில்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. படிப்பானில் தொட்டால் அது தன் எண்ணைச் சொல்லும். மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: பட்டையில் பாதி ஓய்ந்துவிட்டது, பாதி இன்னும் விழிக்கக் காத்திருக்கிறது.

2020ஆம் ஆண்டு முடியும் வரை டிஸ்னி உலகின் விடுதிகளில் தங்குவோருக்கு இப்பட்டைகள் இலவசமாகக் கிடைத்தன. பழையது வேலை செய்தாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் புதியது வரும். இப்படித்தான் பல வீடுகளின் மேசை அறைகளில் அவை குவிந்தன. 2022இல் வந்த புதிய வகையில், மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலம் இருக்கிறது.

மஞ்சள் காட்டும் எச்சரிக்கை

தம்பியின் வாயிலிருந்து பட்டையை ஏன் எடுத்தேன் என்பதை ஒரு சோதனையால் அறியலாம். ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காய வையுங்கள். பிறகு அதை உப்பு நீரால் நனையுங்கள். பழைய பொம்மையிலிருந்தோ தொலைவுக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்தோ எடுத்த நாணய வடிவ லித்தியம் மின்கலத்தின் எதிர்முனைப் பக்கத்தை, அதாவது கூட்டல் குறி இல்லாத பக்கத்தை, தாளின் மேல் அழுத்தி வையுங்கள். சற்று நேரத்தில் அங்கே மஞ்சள் சிவப்பாக மாறும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். சிவப்பு நிறம் காரத்தின் அடையாளம். மின்னோட்டம் நீரைப் பிரிப்பதால் எதிர்முனையில் காரம் உண்டாகிறது.

குழந்தை விழுங்கிய மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் அங்கும் இதே வினைதான் நிகழும். அங்கே தாள் இல்லை, மென்மையான சதை இருக்கிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். கருவியை இயக்க வலுவில்லாத ‘தீர்ந்த’ மின்கலத்திலும் இதற்குப் போதிய மின்னழுத்தம் மிஞ்சியிருக்கும். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாகர்கோவில் பகுதியினருக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

எரித்தால்? உருக்கினால்?

பாட்டியின் யோசனையைப் பார்ப்போம். பல பூங்காக்களின் மலிவான பட்டைகள் பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனவை. அதில் குளோரின் இருக்கிறது. அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அடுப்பின் குறைந்த வெப்பத்தில் டயாக்சின் என்னும் கொடிய நச்சுப் பொருள்களும் உண்டாகும். மின்கலம் உள்ள பட்டையானால் தீயில் வெடிக்கவும் கூடும். ஆகவே அடுப்பு வேண்டாம்.

பழைய இரும்புக் கடையில், நம்மூர் வழக்கில் ஆக்கர் கடையில், போட்டால் செம்பு கிடைக்காதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டைக்குள் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி 1 மீட்டர் நீளம் இருப்பதாகக் கொள்வோம். அதன் பருமன் சுமார் 7.85 கன மில்லிமீட்டர். ஒரு கன மில்லிமீட்டர் செம்பின் நிறை ஏறத்தாழ 9 மில்லிகிராம். பெருக்கினால் 70 மில்லிகிராம் வருகிறது. ஆயிரம் பட்டைகளை உடைத்தால்தான் 70 கிராம் செம்பு! சில்லோ ஓர் அரிசிமணியை விடச் சிறியது. அதைச் செய்யச் செலவான உழைப்பும் ஆற்றலும் தூய நீரும் உருக்கும்போது திரும்பி வருவதில்லை. உருக்கி எடுப்பதை விட, உள்ளபடியே மீண்டும் பயன்படுத்துவதே மேல் என்பதை இந்த 70 மில்லிகிராம் காட்டுகிறது.

மீண்டும் பயன்படுத்த

உங்கள் வீட்டிலும் விடுமுறையில் கட்டிய பட்டை ஏதேனும் இருக்கலாம். முதலில் வகை பிரியுங்கள். மெல்லிய பட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அச்சிட்ட கோடுகளோ சதுரக் குறியோ மட்டும் இருந்தால் அதில் சில்லு இல்லை. சுருள்போன்ற உலோகக் கோடுகள் தெரிந்தால் சில்லு உண்டு. தடித்த நடுப்பகுதி இருந்தாலோ, விளக்கு எரிந்தாலோ, அதிர்ந்தாலோ, மின்கலம் இருப்பதாகவே கொள்ளுங்கள். அதை வெட்டவோ பிளக்கவோ வேண்டாம்.

அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஆர்டுயினோ பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதனுடன் ஆர்.சி.522 என்னும் மலிவான படிப்பானை இணைத்தால், 13.56 மெகா ஹெர்ட்ஸில் இயங்கும் பல சில்லுகளின் எண்ணைப் படிக்கலாம். ஒரே பட்டையை மூன்று முறை படித்துப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே எண் வந்தால் அது நமக்கு உதவும். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைச் சொல்லும் சில்லுகளும் உண்டு. அவை இந்த வேலைக்கு ஆகா.

எண் மாறாத பட்டைகளை வகுப்பு நூலகத்தின் உறுப்பினர் அட்டையாக்கலாம். இன்ன எண் இன்ன மாணவருக்கு என்று கணினியில் ஒரு பட்டியல் எழுதினால் போதும். ஆனால் வீட்டுக் கதவின் பூட்டுக்கு இதை நம்பாதீர்கள். வெறும் எண்ணைப் படித்து அதேபோல் இன்னொன்று செய்துவிட முடியும். பட்டை பூங்காவின் கணக்கு எதனோடாவது இணைந்திருந்தால், பெரியவர்களைக் கொண்டு முதலில் அந்த இணைப்பை நீக்கிவிடுங்கள்.

விரிசல் விட்டதையும் பயன்படாததையும் மூடியுள்ள உலர்ந்த கலத்தில் இட்டு, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். தனியாகக் கிடைக்கும் நாணய மின்கலத்தின் இரு முகங்களிலும் ஒட்டுநாடா ஒட்டுங்கள். பயன்படுத்திய மின்கலங்களை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுப்பது நம் கடமை என்று 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் சொல்கின்றன.

திரும்பப் போடும் துளை

2015இல் சென்னை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, பயணிகளுக்கு வட்டமான நெகிழி டோக்கன்கள் கொடுத்தார்கள். அவற்றிலும் மின்கலமில்லாச் சில்லுதான் இருந்தது. உள்ளே போகும்போது கதவில் காட்ட வேண்டும். வெளியே வரும்போது ஒரு துளையில் போட வேண்டும். போடாவிட்டால் கதவு திறக்காது. அந்த டோக்கன் வேறொருவரின் பயணச்சீட்டாக மீண்டும் புறப்படும். யாருடைய வீட்டு மேசையிலும் அது குவியவில்லை.

டோக்கனுக்கும் கைப்பட்டைக்கும் அறிவியல் ஒன்றே. டோக்கனை உருவாக்கியவர்கள், வேலை முடிந்த பிறகு அது எங்கே போகும் என்பதையும் சேர்த்துச் சிந்தித்தார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குவியலைக் குறைக்க உருக்காலைகள் மட்டும் போதா; திரும்பப் போடும் துளைகளும் வேண்டும்.

தக்கலை வீட்டின் நான்கு பட்டைகளில் மூன்று, மாணவியின் பள்ளி நூலகத்துக்குப் போயின. தம்பி கடித்த பட்டையில் விரிசல் கண்டிருந்தது. அதைப் பாட்டியே ஒரு பழைய ஊறுகாய்ப் புட்டியில் போட்டு மூடி, பரண்மேல் ஏற்றிவிட்டார்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஃபாஸ்டாக்கில் மின்கலம் இருந்திருந்தால் என்ன நன்மை, என்ன தொல்லை?

2. கம்பியின் விட்டம் இரு மடங்கானால், ஆயிரம் பட்டைகளில் எவ்வளவு செம்பு இருக்கும்?

3. உங்கள் ஊர்த் திருவிழாவில் குழந்தைகளுக்குக் கைப்பட்டை கட்டுவதானால், விழா முடிந்ததும் அவற்றைத் திரும்பப் பெற என்ன ஏற்பாடு செய்வீர்கள்?