மராத்தி பழகுவோம்: சாப்பாட்டுக் கடைப் பேச்சு

பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் பேசும் மராத்தி நம்மவர் பலருக்கு எப்படியோ வந்துவிடுகிறது. விலை கேட்க 'கிதி?', நிறுத்தச் சொல்ல 'தாம்பா'. இவற்றை யாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. சாப்பிட உட்காரும் இடத்துப் பேச்சுதான் வருவதில்லை. எனக்கு அது வராததால் ஒரு பெரியம்மாளின் மனம் நோகும்படி ஆயிற்று.

ஹடப்சரில், சோலாப்பூர் சாலையை ஒட்டி, ஒரு கானாவள். ஒரு குடும்பத்தாரே சமைத்துப் போடும் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அந்தப் பெயர். நம் ஊர் மெஸ் மாதிரி. தகரக் கொட்டகை, நான்கு பெஞ்சு. மகன் காசு வாங்குவார், மருமகள் பரிமாறுவார், மாமியார் விறகடுப்பின் முன்னால். அப்பா காலமான பின் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எங்களோடு வந்துவிட்ட என் அம்மாவை ஒரு ஞாயிறு அங்கே அழைத்துப் போனேன். வந்து எட்டு மாதமாகியும் அம்மா எங்களைத் தவிர ஒருவரோடும் பேசியதில்லை. பசித்தால்கூடச் சொல்லமாட்டார்.

பெரியம்மாள் மாவைக் கையாலேயே தட்டிப் பெரிதாக்கி, கல்லில் போட்டு, மேலே தண்ணீர் தடவித் திருப்பி, கடைசியில் தணலோரம் சாய்த்து வைத்தார். பாக்ரி உப்பிக்கொண்டு எழுந்தது. அம்மா முகர்ந்து பார்த்து, "இது நம்ம சோளம்லா!" என்றார். (மக்காச்சோளம் அல்ல, நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.) கோவில்பட்டிக் கரிசலில் விளைவதும் சோலாப்பூர்க் கரிசலில் விளைவதும் ஒரே தானியந்தான். தொட்டுக்கொள்ள, தணலில் சுட்ட கத்தரிக்காயை உரித்து, வெங்காயமும் கொத்துமல்லியும் சேர்த்துப் பிசைந்த பரீத். பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா. கடலைமாவில் கிளறிய பிட்ல. நம் பாகற்காய்ப் பிட்லையின் பெயர் இந்தப் பிட்லவிலிருந்து, தஞ்சையை மராத்தியர் ஆண்ட காலத்தில், வந்தது என்று சொல்வதுண்டு. 1676 முதல் 1855 வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். ஒரு குழம்பின் பெயராவது தங்காமலா போகும்?

இனி நான் செய்த பிழை. பெரியம்மாளே எழுந்து வந்து சுடச்சுட இரண்டாவது பாக்ரியை நீட்டினார். நான் "நகோ, நகோ" என்றேன். அவர், "ஆவட்ல நாஹி கா?" என்றார். பிடிக்கவில்லையா என்று பொருள். பாதிதான் புரிந்தது. சிரித்துக்கொண்டே "ஹோ" என்றேன். ஆமாம், பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமாகிவிட்டது! அவர் பேசாமல் பாக்ரியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

'நகோ' என்றால் வேண்டாம். 'புரே' என்றால் போதும். வயிறு நிறைந்தவர் சொல்லவேண்டியது 'புரே'. தட்டின் மேல் கையைக் குவித்துக்கொண்டு, "போட் பர்ல" (வயிறு நிறைந்துவிட்டது) என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. நம் பந்தியிலும் இப்படித்தானே? இலை போட்ட உடனே வேண்டாம் என்பதும், உண்டபின் போதும் என்பதும் ஒன்றாகுமா? பாதி மட்டும் வேண்டுமானால் "அர்தீ". நன்றாயிருக்கிறது என்பதற்கு "சான் ஜாலய்".

மொழி தெரியாத அம்மாதான் அந்த முகத்தைப் படித்தவர். "என்னல சொன்ன அவங்கள?" என்று என்னைக் கடிந்துவிட்டு, தம் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே போய் நீட்டினார். பெரியம்மாள் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். பாக்ரியைப் போட்டு, பக்கத்தில் ஒரு பலகையையும் தள்ளிப் போட்டார்.

அடுத்த வாரமும் போனோம். அங்கே இன்னொரு சிக்கல். 'வாட்' என்றால் பரிமாறு. மரியாதையாகச் சொன்னால் 'வாடா'. பக்கத்து பெஞ்சுக்காரர், "பாக்ரி வாடா" என்றதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "வயசான மனுஷிய வாடாங்கானே!" அது பன்மை, நம் 'பரிமாறுங்கள்' போல, என்று விளக்கி முடிப்பதற்குள் என் பாக்ரி ஆறிவிட்டது. மூத்த சகோதரியைத் 'தாயி' என்பார்கள் என்றதும் மட்டும் அவருக்கு உடனே பிடித்துவிட்டது.

இப்போதெல்லாம் நான் துணைக்குப் போவதில்லை. போன மாதம் மாவு மில்லிலிருந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தேன். அம்மா அதே பலகையில் உட்கார்ந்திருந்தார். தட்டு காலியாக இருந்தது. "அஜூன் வாடா, தாயி" என்றார். இன்னும் போடுங்கள், அக்கா.